கயிற்றுக்கு அடியில் வைத்த பேட்டரி

போன வாரம் நம் டிசைன் அறைக்கு வந்திருந்தேன் அல்லவா, அப்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "சார், சின்ன சர விளக்குக்கு எந்த பேட்டரி நல்லது?" எடையைப் பாருங்கள், விலையைப் பாருங்கள் என்று ஏதோ சொல்லிவிட்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கிழவருக்கு மறதி என்று நினைத்திருப்பீர்கள். மறதி இல்லை. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், ஒரு பெண்ணின் கை என்னால் வெந்துபோனதையும் சொல்ல வேண்டும். அன்று தைரியம் வரவில்லை.

ஆனால் உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை மாலை ஓரிடத்துக்குப் போனேன். அங்கே நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கையெழுத்து மோசம், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. மராத்தியிலும் இந்தியிலும் எனக்குச் சமாளித்துப் பேசத் தெரியும். வேலைக்காலம் முழுக்க அதைத்தான் செய்தேன். தமிழில் அவ்வளவாக வராது. உங்களில் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள். மெதுவாக வாசியுங்கள்.

முதலில் பேட்டரியைப் பற்றி. ஐயோ, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் இன்றும் உட்கார முடியாது! நகக்கண் அளவு எல்.இ.டி., முடி போல் மெலிந்த செப்புக் கம்பி, ஒரு பெட்டி. அவ்வளவுதான் சர விளக்கு. வாங்குகிறவர் வெளிச்சத்தைப் பார்ப்பார். நாம் பெட்டியைப் பார்க்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். புது செல் ஒன்று மேஜைக்கு வந்தால், எத்தனை நேரம் எரியும் என்று நாங்கள் எல்லோரும் கேட்போம். அவர் மட்டும், "இது எப்படிச் சாகும்?" என்று கேட்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். யோசித்துப் பாருங்கள், எத்தனை சரியான கேள்வி!

காசு மாதிரி இருக்கும் வட்டச் செல் மங்கி மங்கிச் சாகும், யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் ஒரு குழந்தை அதை விழுங்கிவிட்டால் தொண்டையை அரித்து ஓட்டை போட்டுவிடும். அதனால்தான் திருகாணி இல்லாத மூடியை நான் என் மேஜையைத் தாண்டி விட்டதே இல்லை. ஏ.ஏ. அல்கலைன், கடிகாரத்தில் போடுகிற பென்சில் செல், நல்ல மனிதர்; தளர்ந்துகொண்டே போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். பரணில் மறந்து போட்டால்தான் வெள்ளை வெள்ளையாகக் கசிந்து பெட்டியைக் கெடுப்பார். சார்ஜ் செய்யும் ஏ.ஏ. கொஞ்சம் வோல்டேஜ் குறைவு; மூன்று போட்ட இடத்தில் வெளிச்சம் சோகை பிடித்த மாதிரி இருக்கும். தட்டையான லித்தியம் செல் இருக்கிறதே, பிஸ்கட் பாக்கெட் போல் வெள்ளி உறையில் வருமே, அவன்தான் அழகன். எடையே இல்லை. ஸ்பிரிங் வேண்டாம், கம்பியை நேராகப் பற்றவைக்கலாம். கடைசி நிமிடம் வரை பளபளவென்று எரிவான். சாகிற விதம் மட்டும் வேறு. அமுக்கினால், குத்தினால், வளைத்தால் நெருப்பாகச் சாவான். இதை நான் அன்றும் அறிவேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணி மழையில் நனைந்துகொண்டே நித்யா எங்கள் ஆகுர்டி பட்டறைக்கு வந்தாள். கராடியில் மென்பொருள் வேலை. அவள் அப்பா ஆகுர்டியில் கார் தொழிற்சாலையில் இருந்தவர், எங்கள் பொள்ளாச்சிப் பக்கம். அவள் வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வார நாட்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பாள். சனி ஞாயிறு வந்தால் இடுப்பில் டோல் என்ற பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்டு அடிப்பாள். கணபதியைக் கரைக்கப் போகும் விசர்ஜன ஊர்வலத்தில் டோல்-தாஷா குழுக்கள் முழங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி ஒரு குழுவுக்கு அவள்தான் அந்த ஆண்டு தலைவி.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"அங்கிள், எங்க குரூப்ல நாப்பது டோல் இருக்குங்க. நாப்பதுலயும் வெளிம்பச் சுத்தி லைட்டு வேணும். விசர்ஜன் அன்னிக்கு இருட்டற நேரத்துல, மொத அடி விழறப்ப எல்லாம் ஒண்ணாப் பளிச்சுன்னு எரியோணும். முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க."

"டோல் எத்தன கனம் இருக்கும் அம்மணி?"

"ரெண்டு வயசுக் கொழந்தய இடுப்புல வெச்சுட்டு ஆடற மாதிரிங்க. அதுவும் அடங்காத கொழந்த."

"அப்ப பேட்டரி கனமா இருக்கக் கூடாது."

"கனமா இருந்தா எங்க பொண்ணுங்க டோல அடிக்க மாட்டாங்க அங்கிள், என்னய அடிப்பாங்க. ஏற்கெனவே 'தீபாவளிவாலி'ன்னுதான் கூப்பிடறாங்க. கணபதிக்கு லைட்டு எதுக்குன்னு கேலி. எரியலைன்னா நான் அந்த கிரவுண்டுப் பக்கமே போக முடியாது."

எங்கள் முதலாளி மராத்திக்காரர், தங்கமான மனிதர். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வெளியே வந்து என்னிடம் விவரம் கேட்டார். "அண்ணா, செஞ்சிடலாம்!" என்று என் முதுகில் ஒரு அடி. நாற்பது டோல், அதில் எங்கள் விளக்கு, ரோட்டோரம் அத்தனை போன்களும் படம் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. என் கணக்கு வேறு. நான் பொருள்களைக் கடைக்கு அனுப்பியே பழகியவன். என் விளக்கு ஒரு கூட்டத்தின் நடுவே எரிவதை நான் பார்த்ததே இல்லை. அன்று எனக்கு வந்த ஆசையைச் சொன்னால் வெட்கம். கல்யாண வீட்டுக்குப் போகும் சிறுவனைப் போல் இருந்தேன்.

ஏ.ஏ. பெட்டி ஒன்று கட்டினேன். மேஜையில் நாள் முழுக்க எரிந்தது. சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு, பாலத்துக்கு அடியில் அவர்கள் பழகும் மைதானத்துக்குப் போனேன். நித்யா டோலை இடுப்பில் கட்டி, கம்பை ஓங்கி ஒரு அடி அடித்தாள். விளக்கு அணைந்தது. அடுத்த அடிக்கு எரிந்தது. அதற்கடுத்த அடிக்கு அணைந்தது. ஒவ்வொரு அடிக்கும் பெட்டிக்குள் ஸ்பிரிங் துள்ளி, செல்லை விட்டு விலகிக்கொண்டிருந்தது. மேஜை துள்ளாதே! என் சோதனையில் டோலே இல்லையே!

சாகர் என்றொரு பையன், தாஷா என்ற சிறு மேளம் வாசிப்பவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தீபாவளிவாலி, இது தீபாவளி இல்ல, எங்க பாட்டி வீட்டு ட்யூப்லைட்!" என்று மராத்தியில் கத்தினான். மைதானமே சிரித்தது. நித்யாவும் சிரித்தாள், ஆனால் காது சிவந்துவிட்டது.

"அங்கிள்," என்றாள் என் பக்கம் குனிந்து, "சரி பண்ணிருவீங்கல்ல?"

"பண்ணிருவேன்."

அந்த வாரம் முழுக்க நான் மனிதனாக இல்லை. சாப்பாட்டுத் தட்டில் விரலால் சுற்று வரைந்தேன். கடைசியில் என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முனையில் தகடு பற்றவைத்த ஏ.ஏ. செல்களை ஒரு துணிப்பையில் போட்டு, வாசிப்பவரின் இடுப்பில் கட்டுவது. டோலுக்கு ஒரு கம்பி மட்டும் போகும். அடி படாது, அமுங்காது, கெட்டால் மங்கும், அவ்வளவுதான். செய்தும் பார்த்தேன். நித்யா கட்டிக்கொண்டு நின்றாள். இடுப்பிலிருந்து கம்பி தொங்கியது. முதலாளி பார்த்துவிட்டு, "அண்ணா, குளுக்கோஸ் ஏத்தற பேஷண்ட் மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். வெளிச்சமும் அந்த அழகன் அளவுக்கு இல்லை.

இரண்டாவது வழி அந்த அழகன்தான். டோலின் உடம்பைச் சுற்றிக் கயிறு பின்னியிருக்கும். இரண்டு கயிறுகள் சேரும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. தட்டை லித்தியம் செல் அங்கே தொட்டிலில் குழந்தை போல் உட்கார்ந்தது. கயிறே பிடித்துக்கொண்டது. எத்தனை அடித்தாலும் விளக்கு இமைக்கவில்லை. வெளியே தெரியவும் இல்லை. பார்க்க அத்தனை அழகு! பட்டறையில் ஒரு டோலை வைத்து நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் அடித்தோம். இமைக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று வாசியுங்கள். டோல் தொய்ந்தால் கயிற்றை இழுத்து இறுக்குவார்கள். ஒருவர் டோலின் மேல் காலை ஊன்றி, இரண்டு கையாலும் உடம்பைச் சாய்த்து இழுப்பார். மழை ஈரத்தில் தொய்வு அதிகம். இதையெல்லாம் மைதானத்தில் கண்ணால் பார்த்திருந்தேன். நான் சோதித்தது இறுக்கி வைத்த டோலை. இறுக்குவதைச் சோதிக்கவில்லை. தெரியாமல் போய்விட்டது என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் தெரியும். காலையிலேயே இறுக்கிவிடுவார்கள், அதற்குப் பிறகுதானே செல்லை வைக்கப் போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கெட்டியான பிளாஸ்டிக் கூடு போட்டால் கயிற்றுக்கு வெளியே துருத்தும், அழகு போய்விடும் என்றும் சொல்லிக்கொண்டேன். அழகுக்காகத்தான் செய்தேன். வேறு காரணம் இல்லை.

விசர்ஜன நாள். மதியம் ஒரு மழை கொட்டி ஓய்ந்திருந்தது. வெள்ளைக் குர்தா, காவித் தலைப்பாகை, ரோடு முழுக்கச் சிவந்த குலால் பொடி, செண்டு மல்லி, ஈரம். பால்கனிகளில் இடமில்லை. விளக்கு மேற்பார்வை என்று என் சட்டையில் ஒரு அட்டை குத்தியிருந்தார்கள். நித்யா கையை உயர்த்தினாள். பிறகு நாற்பது கம்புகளும் ஒன்றாக இறங்கின, நாற்பது வளையங்களும் ஒன்றாக எரிந்தன!

பிள்ளைகளே, நான் என்ன சொல்ல! நெஞ்செலும்பு அதிர்ந்தது. மங்கிய வானத்துக்குக் கீழே பொன் வளையங்கள் மேலும் கீழுமாகக் குதித்தன. ஜனங்கள் கத்திய கத்தலில் டோல் சத்தமே ஒரு கணம் அமுங்கிப் போயிற்று. ட்யூப்லைட் என்று சிரித்த சாகர், தாஷாவை அடித்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குத் தெரியாத ஒரு அம்மாள் என் வாயில் மோதகத்தைத் திணித்தார். நான் அழுதுகொண்டே மென்றேன். என் தொழிலில் அதைவிட மகிழ்ந்த நேரம் இல்லை. அதையும் உள்ளபடி எழுதத்தானே வேண்டும்.

நாலு ரோடு கூடும் பெரிய சௌக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊர்வலம் நின்றது. சௌக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள். முதலாளி எங்கள் விளக்குகளை விற்கும் கடைக்காரர்களை எல்லாம் அழைத்துவந்து அங்கே நிறுத்தியிருந்தார். நித்யா தன் டோலைத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கீழே வைத்தாள்.

"சாகர், சத்தம் பொத்துனு விழுது. இழுத்துக் குடு."

அவன் தாஷாவை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வந்தான். டோலில் காலை ஊன்றினான். கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தான். அந்தக் கயிறு வெள்ளி உறைக்குள் அமுங்கி இறங்குவதை நான் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன்.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். "கழட்டு" என்ற ஒரு சொல் போதும். வலது கை தானாக எழுந்தது. அதே நேரத்தில் சௌக்கத்து மேடையிலிருந்து முதலாளி என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்தச் சௌக்கம் வரைக்கும்தானே, கூப்பிடு தூரம், அதைத் தாண்டியதும் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். எழுந்த கையால் தலைமுடியைக் கோதிக்கொண்டேன்.

"என்னங்க அங்கிள்?" என்றாள் நித்யா. அவள் கவனித்திருக்கிறாள்.

"ஒண்ணுமில்ல அம்மணி. நடத்து."

அவள் டோலை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டாள். சௌக்கத்துக்குள் நுழைந்தார்கள். அடி வேகம் பிடித்தது. குலால் மணத்துக்கும் வியர்வைக்கும் நடுவே ஒரு இனிப்பு வாடை வந்தது. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை. அது செல்லின் வயிறு கிழிந்த வாடை என்பது எனக்குப் புரிந்து கால் நகர்வதற்குள், 'உஸ்' என்று ஒரு சீறல். வெள்ளைப் புகை. புகைக்குள் ஒரு நாக்கு நெருப்பு. டோல் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தது. அவளால் உதற முடியவில்லை. டோலின் மறுபக்கத் தோலைத் தட்டிக்கொண்டிருந்த இடது கைதான் அந்தச் சீறலுக்கு நேராக இருந்தது.

ஓடினேன். கட்டிங் பிளேயரால் இடுப்புக் கயிற்றை வெட்டினேன். டோல் உருண்டு ரோட்டில் எரிந்தது. சாகர் யாரிடமிருந்தோ தண்ணீர் பாட்டில்களைப் பிடுங்கி அவள் கையில் கொட்டிக்கொண்டே இருந்தான். "எல்லாரும் செல்ல வெட்டி எடுங்க, தண்ணி வாளியில போடுங்க!" என்று இந்தியிலும் மராத்தியிலும் கத்தினேன். நித்யா கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "மத்தவங்க? அங்கிள், மத்தவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தொண்டர்கள் கைகோத்து வழி விட, அவளைப் பக்கத்துச் சந்து வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதிச் சந்தில் எங்கள் பின்னால் டோல் மறுபடி முழங்கியது. அவர்கள் நின்றால் பின்னால் வரும் அத்தனை கணபதியும் நிற்க வேண்டும். அதனால் செல்களை வெட்டிப் போட்டுவிட்டுக் குழு நகர்ந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். ஒரு விளக்கும் இல்லை. ஜனங்கள் அதே மாதிரி கத்தினார்கள். அதே மாதிரி போன்களை உயர்த்தினார்கள். விளக்கு இல்லாததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அந்த விளக்கு சௌக்கம் வரை எரிய வேண்டும் என்றுதான் நான் கையை இறக்கியிருந்தேன்.

தொடையிலிருந்து தோல் எடுத்து முன்கையில் ஒட்டினார்கள். விரல்கள் பிழைத்தன. மணிக்கட்டு முன்போல் வளைய வெகுநாள் ஆயிற்று.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி கேட்டார், "அண்ணா, என்னதான் ஆச்சு?" அவர் கண்கள் வீங்கியிருந்தன. அன்று அவரிடம் எதைச் சொல்லியிருந்தாலும் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும், "செல் மோசம். கடைக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிட்டான்" என்றேன். எத்தனை எளிதாக வந்தது! நித்யாவின் அம்மாவிடமும் அதையே சொன்னேன். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த நித்யாவிடமும் அதையே சொன்னேன்.

"அட, கெட்ட செல்லா?" என்றாள் அவள். "என்ற நேரம்."

அந்தக் கடைக்காரர் புதன்பேட்டையில் சின்னக் கடை வைத்திருந்தார். அதன்பின் எங்கள் பட்டறை அவரிடம் ஒரு கம்பிகூட வாங்கவில்லை. அடுத்த ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். பாதுகாப்பில் எமன் என்று பேசினார்கள். நித்யாவைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். அவள் கல்யாணப் பத்திரிகை வந்தபோது ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டேன்.

இப்போது போன சனிக்கிழமை. உங்கள் கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்க, அதே பாலத்தடி மைதானத்துக்குப் போனேன். விசர்ஜனத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான். ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். என் பாரத்தை இறக்கிவைக்கப் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்திலிருந்தே நித்யா என்னைக் கண்டுகொண்டு ஓடிவந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். சிரிப்பு அதேதான்.

"அங்கிள்! வழி தெரிஞ்சுதாங்க? உசுரோட இருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க, நான்தான் நம்பல!"

"திட்டு கண்ணு, திட்டு."

"திட்டறேன், இருங்க. அதுக்கு முன்னால ஒண்ணு காட்டறேன், வாங்க. சர்ப்ரைஸ்."

என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். பாதிப்பேர் கல்லூரிப் பெண்கள். சாகர் இப்போது மீசை வைத்த ஆள். "அண்ணா, ட்யூப்லைட் அண்ணா!" என்று காலைத் தொட்டான். நித்யா சைகை காட்டினாள். ஒரு பெண் சுவிட்சைத் தட்டினாள். டோலின் விளிம்பில் பொன் வளையம் எரிந்தது.

"எத்தன வருசம் பயந்துட்டே இருக்கறதுங்க? இந்த வாட்டி நானே பாத்துப் பாத்து வாங்கினேன். பெரிய கம்பெனி செல்லு, சர்ட்டிபிகேட்டெல்லாம் இருக்கு. அன்னிக்கு மாதிரி மட்டச் சரக்கு இல்ல. எடம் மட்டும் நீங்க காமிச்சுக் குடுத்த அதே எடங்க."

குனிந்து பார்த்தேன். இரண்டு கயிறுகள் சேரும் பள்ளம். அதில் வெள்ளி உறை. வரிசையில் எல்லா டோலிலும் அதே பள்ளத்தில் அதே உறை. கடைசியில் நின்ற ஒரு டோலில் சாகரின் ஆள் ஒருவன் காலை ஊன்றிக் கயிற்றைப் பிடித்திருந்தான்.

"டேய், விடு!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கயிற்றை விட்டுவிட்டான். மைதானமே திரும்பிப் பார்த்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் நித்யா.

"செல்லு நல்ல செல்லுதான் அம்மணி."

"ஆமாங்க, அதத்தான் நானும் சொல்றேன்."

"அன்னிக்கும் நல்ல செல்லுதான். எடந்தான் தப்பு. கயிற இழுத்தா அமுங்கும், அமுங்கினா தீப்பிடிக்கும். வெக்கறப்பவே எனக்குத் தெரியும். சாகர் இழுத்தப்ப நான் பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தேன். சௌக்கம் தாண்டட்டும்னு சும்மா இருந்துட்டேன். கெட்ட செல்லுன்னு உங்கிட்டச் சொன்னது பொய்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போக நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு திரும்பி மராத்தியில், எல்லோரும் டோலைக் கீழே வையுங்கள், கயிற்றைத் தொடாதீர்கள், செல்லை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள் என்றாள். குரல் உயரவில்லை. முதல் டோலின் முன் அவளே மண்டியிட்டுக் கழற்ற ஆரம்பித்தாள். நானும் உட்காரப்போனேன்.

"நீங்க இருங்க. எங்கிட்டச் சொன்னது பத்தாது. இவங்ககிட்டச் சொல்லுங்க. சாகருக்குத்தான் மொதல்ல சொல்லோணும். தான் இழுத்ததாலதான் ஆச்சோன்னு அவன் எத்தன தடவ எங்கிட்ட கேட்டிருக்கான் தெரியுமாங்க? 'இல்லடா, செல்லு கெட்டுப்போன செல்லு'ன்னு நான்தான் அவனுக்குச் சமாதானம் சொல்லிட்டிருந்தேன்."

சொன்னேன். நின்றபடி, மராத்தியில், சுற்றி வளைக்காமல். சாகர் என்னைப் பார்க்காமல் தாஷாவின் தோலை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டான். இடுப்புப் பை வழியையும் சொன்னேன். செல் டோலில் இருக்கக் கூடாது, கம்பி தொங்கினால் தொங்கட்டும் என்றேன். ஒரு பெண், "பேஷண்ட் மாதிரி இருக்குமே" என்று மெதுவாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை புதன்பேட்டைக்கும் போனேன். அந்தக் கடைக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு எனக்குத் தேநீர் வரவழைத்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றே குடித்துவிட்டு வந்தேன்.

நீங்கள் நாளைக்கு ஒரு பேட்டரியைத் தவறாகத் தேர்ந்தெடுப்பீர்கள். எல்லோரும் ஒரு நாள் செய்வோம். அந்தத் தவற்றோடு அது முடிந்துவிடும், அதற்கு நீங்கள் சரியான காரணத்தைச் சொன்னால். நான் பொய்க் காரணத்தைச் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் நல்ல செல்லாகத் தேடி வாங்கி, அதே பள்ளத்தில், அத்தனை பெண்களின் கைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தாள். ஏமாந்தவள் அவள்தான்; ஆனால் வைத்தது நான்தான்.

அந்தச் சனிக்கிழமை, செல்களையெல்லாம் கழற்றி ஒரு மணல் வாளியில் போட்ட பிறகு, மைதானத்து வாசல் வரை நித்யா என்னுடன் வந்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. அவள் குடை பிடித்தாள், எனக்கும் சேர்த்து.

"என்ற கைக்கு மன்னிப்பு கேக்கத்தான் வந்தீங்களா?"

"ஆமா அம்மணி."

"இவங்க லைட்டு கட்டியிருக்கறது தெரியாது?"

"தெரியாது."

ரிக்‌ஷாவை அவளே கைகாட்டி நிறுத்தினாள். நான் ஏறி உட்கார்ந்ததும் குனிந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப, இன்னிக்கு நீங்க வராம இருந்திருந்தா அங்கிள்?"